சிச்சுவானைப் பாடமாக்கிய கதை

ஃபொட்டோகொப்பி மெஷினுக்குள்ளால் சூடாக வெளியே வரும் தாளுக்கு ஒரு மணம் உண்டு... தொண்ணூற்றேழாம் ஆண்டு மாரிக் குளிரை நினைத்தால் எனக்குப் பனி நினைவுக்கு வராது. பார்க்டேல் லைப்ரரியில் அந்தத் தாளோடு நின்றதுதான் வரும்.

தாளில் இருந்தது சீனாவின் சிச்சுவான் மாகாணம்.

உனக்கும் சிச்சுவானுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நானும் அதைத்தான் கேட்டேன்! எனக்கு அப்போது பத்தொன்பது வயது. கொலிஜில் நேர்சிங் படிக்க ஒரேயொரு கிரெடிட் குறைந்தது. அதற்காகப் பெரியவர்களுக்கான பள்ளிக்கூடத்தில் ஜோக்ரஃபி எடுத்தேன். துண்டு குலுக்கி ஆளுக்கொரு இடம் கொடுத்து, அதைப் பற்றி எழுதித் தந்து வகுப்பில் பேசவும் சொன்னார் மிஸ். பக்கத்தில் இருந்தவளுக்கு இத்தாலி. எனக்கு இந்தக் கோதாரி.

ஊரிலிருந்து வந்து நான் அண்ணையோடுதான் இருந்தேன். "பெயில் விட்டால் பிறம்ரன் வெயார்ஹவுஸுக்கு வா, பெட்டி தூக்கிற வேலை சொல்லி வைச்சிருக்கிறன்" என்று அவர் ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

பாஸ் பண்ண வழி சொன்னதும் அதே அண்ணைதான்.

"புத்தகத்திலை இருக்கிறதை ஒரு சொல்லும் விடாமல் எழுது. உன்ரை சொந்தச் சரக்கு ஒண்டும் போடாதை. பிழைச்சுப் போகும்."

ஊரில் எங்களுக்கு அதுதானே படிப்பு. புத்தகத்தில் உள்ளது உள்ளபடி வந்தால் முழுப் புள்ளி. ஆகவே என்சைக்கிளோபீடியாவில் இருந்ததை அப்படியே முத்து முத்தாக எழுதினேன். சுற்றிவர மலை, நடுவில் சிவந்த மண் பள்ளம், செங்டு சமவெளி, இரண்டாயிரம் வருடத்துக்கு மேலாக மின் என்ற ஆற்றின் தண்ணீரைப் பிரித்து வயலுக்கு விடும் வாய்க்கால்கள், நெல், பட்டு, உப்புக் கிணறு, பன்றி... பன்றி உட்பட எல்லாம் பாடம். அண்ணை தாளைப் பிடித்துக்கொண்டு இருக்க, நான் ஒப்புவிப்பேன். ஒரு சொல் தடுமாறினால் முதலிலிருந்து!

எழுதியதைக் கொடுத்த பிறகு மிஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். எங்கே பார்த்து எழுதினாய் என்று கேட்டார்.

"என்சைக்கிளோபீடியாவிலை மிஸ். ஒரு சொல்லும் விடேல்லை!" என்றேன், பாராட்டப் போகிறார் என்று நினைத்து.

அட கடவுளே.

நான் பார்த்தது பழைய புத்தகம். சோங்சிங் நகரத்தை அந்த மாகாணத்திலிருந்து சீனா தனியாகப் பிரித்தது அந்த வருடம்தான். என் தாளில் சோங்சிங் இன்னும் உள்ளே இருந்தது, அதன் சனமும் சேர்த்து. அதைக் கண்டுதான் மிஸ் புத்தகத்தை எடுத்துப் பார்த்திருக்கிறார். பூச்சியம் போட்டார். இது களவு என்றார். களவு! எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

பிறகு கொஞ்சம் இரங்கினார். வெள்ளிக்கிழமை தாள் இல்லாமல் வந்து வகுப்புக்கு முன்னால் ஒரு கேள்விக்குப் பதில் சொன்னால் போதுமாம். இவ்வளவு செழிப்பான மண்ணை விட்டு ஏன் இவ்வளவு சனம் வெளியேறுகிறது?

புத்தகம் முழுக்கத் தேடினேன். இல்லை. அண்ணையும் தேடினார்.

"புத்தகத்திலை இல்லாததை ஏன் கேக்கிறா உந்த மனுசி? விசரே அவவுக்கு?"

எங்கள் பில்டிங்கின் லோன்ட்ரி ரூமில் ஒரு சீன அன்ரி. மெஷின் நின்று அரைமணித்தியாலம் ஆனாலும் உடுப்பை எடுக்க வரமாட்டார். எனக்கு அவரில் எப்போதும் கடுப்பு. அன்றும் கூடையோடு காத்து நின்று, அவர் ஆடி அசைந்து வந்தபோது, சண்டை பிடிக்கிற தொனியில்தான் கேட்டேன், சீனாவில் எந்த இடம் என்று.

"சிச்சுவான்."

இரண்டு பேருக்கும் அரைகுறை இங்கிலீஷ். அவர் சொன்னதை எங்கள் பேச்சில் போடுகிறேன்.

"மண் நல்ல மண். ஆக்கள்தான் கூட. ஒரு வீட்டுக்கு இவ்வளவுதான் காணி" என்று உடுப்பு மடிக்கிற மேசையைக் காட்டினார். "அதிலை எத்தினை பேர் வேலை செய்யிறது? இளம் ஆக்கள் எல்லாம் ரெயின் ஏறித் தெற்கிலை குவாங்டொங் ஃபக்ரரியளுக்குப் போட்டினம். ஊரிலை கிழடு கட்டையளும் பிள்ளையளும்தான்."

ஒரு சட்டையை மடித்து வைத்துவிட்டு, "நானும் போனன். பிறகு இஞ்சை. மகள் அங்கை என்ரை தங்கச்சியோடை நிக்கிறாள். எட்டு வயசு. விசாப் பேப்பர் சரிவந்தால் கூப்பிடுவன்" என்றார்.

வெள்ளிக்கிழமை வகுப்புக்கு முன்னால் வாயைத் திறந்தால், பாடமாக்கினதுதான் கடகடவென்று வருகிறது! மிஸ் கையைத் தூக்கி நிறுத்தினார். வெயார்ஹவுஸ்தான் என்று நினைத்தேன். பிறகு சொன்னேன்... மேசை அளவு காணி, ரெயின், ஃபக்ரரி, தாய் இங்கே மகள் அங்கே. இங்கிலீஷ் கண்டபடி போனது. ஆனால் யாரும் சிரிக்கவில்லை.

இதை எங்கே படித்தாய் என்று மிஸ் கேட்டார். லோன்ட்ரி ரூமில் என்றேன்.

அறுபத்திரண்டு. பாஸ்!

"அறுபத்திரண்டோ?" என்றார் அண்ணை. "உந்த அலட்டலை விட்டிட்டுப் பாடமாக்கினதைச் சொல்லியிருந்தால் தொண்ணூறு வந்திருக்கும்."

தலையில் அடித்துக்கொண்டேன்.

இப்போது நகரத்தின் மறுகோடியில், அஜின்கோர்ட்டில் இருக்கிறேன். போன கிழமை என் மகன் பள்ளிக்கூட ப்ரொஜெக்ட் ஒன்றைப் போனைத் தட்டிப் பத்து நிமிடத்தில் முடித்தான். அந்த நாட்டு ஆட்கள் யாரிடமாவது கேட்டாயா என்றேன்.

"ஏன் அம்மா ஆக்களை டிஸ்டர்ப் பண்ணோணும்? எல்லாம் இதிலை இருக்குத்தானே."

எனக்கு வந்த எரிச்சலுக்கு நல்லாகப் பேச வெளிக்கிட்டேன். பாதியில் அந்த லோன்ட்ரி ரூம் அன்ரி நினைவுக்கு வந்தார்.

பாஸ் பண்ணிய அடுத்த மாதமே கொலிஜுக்குக் கிட்ட வீடு மாறிவிட்டோம். அந்த அன்ரியின் மகளுடைய கதையைச் சொல்லித்தான் நான் நேர்ஸ் ஆனேன். அவள் தாயிடம் வந்து சேர்ந்தாளா என்று ஒரு நாளாவது போய்க் கேட்டேனா? இல்லை. ஸ்ட்ரீட்கார் எடுத்தால் போய்விடலாம், போகவில்லை.

அந்தப் பிள்ளைக்கு இப்போது முப்பத்தைந்து வயதாவது இருக்கும்.