ஆறு சக்கர வண்டியின் பின் பெஞ்சு

இதைப் படித்துவிட்டு, பெண்பிள்ளை பயந்து உளறுகிறாள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். படித்தது இயந்திரவியல். பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவேன். நடந்ததை நடந்தபடி, மணி உட்பட எழுதுகிறேன். நம்பினால் நம்புங்கள்.

வேலை தேடிப் போன இடத்திலெல்லாம் என் சான்றிதழைப் பார்க்காமல் என் வளையலைப் பார்த்தார்கள். போங்கடா என்று அண்ணனின் பைக் பட்டறையிலேயே ஸ்பேனரைப் பிடித்தேன். அங்கேதான் அந்தப் பழைய வண்டி வந்து சேர்ந்தது. ஆறு சக்கரம். தரையிலும் ஓடும், தண்ணீரிலும் மிதந்து போகும். உடம்பு முழுக்க ஃபைபர். பெரிய குளியல் தொட்டிக்குச் சக்கரம் வைத்த மாதிரி இருக்கும். முன்னால் ஓட்டுபவருக்கு ஒரு சீட்டு, பின்னால் மூன்று பேருக்கு ஒரு பெஞ்சு. ஸ்டியரிங் கிடையாது, இரண்டு லீவர்தான். இடது லீவரை இழுத்தால் இடப்பக்கச் சக்கரம் மூன்றும் நிற்கும், வண்டி இடப்பக்கம் திரும்பும். வெள்ள மீட்பில் ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரின் கொல்லையில் இருபத்தொரு வருடம் தார்ப்பாய்க்குள் கிடந்தது. "எடுத்துட்டுப் போனா போதும்" என்று கொடுத்துவிட்டார்.

"தவளையைத் தூக்கிட்டு வந்திருக்கேன். ஆபரேஷன் பண்ணு" என்றான் அண்ணன். "இதை நீ தண்ணியில மிதக்க வச்சிட்டா, பட்டறை போர்டுல உன் பேரை மேல போடறேன்."

"உன் பேரு?"

"கீழ. சின்னதா."

ஐந்து மாதம் உழைத்தோம். சங்கிலிகளை மாற்றினோம். அச்சுகள் ஃபைபரைத் துளைத்து வெளியே வரும் ஆறு இடங்களிலும் புது சீல் போட்டோம். எஞ்சினை மாட்டுவதற்கு முன்னால் ஒழுக்கு பார்க்க வேண்டும். அதற்கு நாங்கள் செய்த முறை இது. வண்டியைக் கட்டைமேல் ஏற்றி, உள்ளே தண்ணீர் நிரப்பி, சாக்பீஸால் கோடு போட்டு, ஒரு நாள் விட்டுவிடுவது. உள்ளிருந்து வெளியே ஒழுகாவிட்டால், வெளியிலிருந்தும் உள்ளே வராது.

காலை 10.15. பதினான்கு வாளி ஊற்றினேன். எண்ணித்தான் ஊற்றினேன். கோடு போட்டேன். பட்டறையைப் பூட்டினோம். அன்று விடுமுறை.

மறுநாள் அதே 10.15. தண்ணீர் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் ஒழுக்கு. கோட்டிலேயே நின்றால் வெற்றி.

கோட்டுக்கு மேலே நின்றது. இரண்டு விரல்.

"குழாயைத் திறந்து விட்டியா?"

"நான் எப்ப வந்தேன்? சாவி உன் பையிலதானே இருந்துச்சு."

மழையும் இல்லை. வாளியால் மொண்டு வெளியே ஊற்றினோம். பதினான்கு... பதினைந்து... பத்தொன்பது வாளி வந்தது. நான் ஊற்றியது குழாய்த் தண்ணீர். வெளியே வந்த தண்ணீரில் சேற்று வாடை அடித்தது.

"பதினாலு வரைக்கும் எண்ணத் தெரியாத இன்ஜினியர்" என்று சிரித்தான் அண்ணன்.

சுருக்கென்று தைத்தது. மறுபடியும் நிரப்பிப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. ரோஷம். எண்ணிக்கைதான் தப்பு என்று நானே முடிவு கட்டி, எஞ்சினை மாட்டிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஏரிக்குக் கொண்டுபோனோம். அண்ணன் தனியாக ஓட்டினான். நான் பைக்கில் பின்னால் போனேன். வண்டியின் பின் டயர் இரண்டும் அமுங்கியே வந்தன. நிறுத்திக் காற்று பார்த்தேன். ஆறிலும் ஒரே அளவு.

எங்கள் இரண்டு பேருக்கும் நீச்சல் தெரியாது. அதனால் காற்றடித்த லாரி ட்யூப் ஒன்றை அவன் தோளில் மாட்டிவிட்டேன். வண்டியின் பின் கொக்கியில் அறுபது மீட்டர் கயிறு கட்டினேன். இரட்டை முடிச்சு. குறடு வைத்து இறுக்கினேன். மறுமுனை என் கையில். நேராக இருபது மீட்டர் போய்த் திரும்ப வேண்டும். அவ்வளவுதான் பேச்சு.

4.22. வண்டி தண்ணீரில் இறங்கியது. மிதந்தது. டயர்கள் தண்ணீரைத் தள்ளின. சளப்... சளப்... சளப்...

"மிதக்குதுடி! போர்டை மாத்திடலாம்!"

நான் குதித்தேன். உண்மையிலேயே குதித்தேன்.

4.26. வண்டி இடப்பக்கம் திரும்பியது.

"அந்தப் பக்கம் ஆழம்ண்ணா! நேரா வா!"

"நான் திருப்பல!"

இரண்டு கையையும் தூக்கிக் காட்டினான். வண்டி திரும்பிக்கொண்டே இருந்தது.

"லீவர் தானா பின்னால வருது... தள்ளினாலும் போகல..."

"எஞ்சினை நிறுத்து!"

நிறுத்தினான். 4.28. ஏரியே அமைதியானது.

சளப்... சளப்... சளப்...

எஞ்சின் இல்லாமல் அந்தச் சக்கரங்கள் சுற்றாது. சுற்றவே முடியாது. அவற்றை மாட்டியவள் நான்.

கயிற்றை இழுத்தேன். குதிகால் சேற்றில் புதைந்தது. உள்ளங்கை எரிந்தது. திடீரென்று கயிறு தொளதொளத்தது. வேகவேகமாக இழுத்தேன். முனை கைக்கு வந்தது. அறுபடவில்லை. முடிச்சு... அவிழ்க்கப்பட்டிருந்தது.

கொக்கி பின்பக்கம், தண்ணீருக்குள் இருக்கிறது. அண்ணன் உட்கார்ந்திருந்தது முன் சீட்டில்.

ஏரியின் இடது மூலையில் ஒரு மின்கம்பத்தின் தலை மட்டும் தண்ணீருக்கு மேலே தெரியும். வண்டி அங்கே போய் நின்றது.

சத்தம் நின்றது.

"அண்ணா!"



கரையில் ஒரு ஆள் இல்லை. ஃபோன் இரண்டும் அவன் சட்டைப்பையில். என்னிடம் கைக்கடிகாரம் மட்டும்தான். இடுப்பளவு தண்ணீர் வரைக்கும் போனேன். அதற்குமேல் கால் எட்டவில்லை. கத்த மட்டும்தான் முடிந்தது.

வண்டியின் பின்பக்கம் மெல்ல அமிழ்ந்தது.

முன்பக்கம் தூக்கியது.

படகில் ஒரு ஆள் ஏறினால் ஆகுமே... அப்படி.

அண்ணன் திரும்பவில்லை.

சீட்டின் நுனிக்கு நகர்ந்தான்.

4.41.

சளப்... சளப்...

என்னை நோக்கி வந்தது. நேராக.

4.49. முன்சக்கரம் கரையைத் தொட்டது. அண்ணன் இறங்கினான். என்னைத் தாண்டி நடந்துபோய் சேற்றில் உட்கார்ந்தான். இடது கையை மட்டும் முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தான்.

"என்னண்ணா ஆச்சு?"

"திரும்பிப் பாக்காதேன்னு தோணுச்சு. பாக்கல."

"யாரு?"

"பின்னால மூச்சு கேட்டுச்சு."

வண்டியை அங்கேயே போட்டுவிட்டு வந்தோம். மறுநாள் அந்த ஓட்டுநர் பெரியவருக்கு ஃபோன் போட்டேன். வாய்க்கு வந்தபடி கத்தினேன். எங்கள் தலையில் எதைக் கட்டிவிட்டீர்கள் என்று கேட்டேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்.

"அந்தக் கம்பம் இருக்கிற இடத்துல முன்னாடி குடியிருப்பும்மா. வெள்ளத்துல அஞ்சு பேரு கூரைமேல நின்னாங்க. பெஞ்சு மூணு பேருக்கு. நான் நாலு பேரை நெருக்கி ஏத்திட்டேன். ஒரு பொண்ணு மிச்சம். உன் வயசுதான் இருக்கும். அடுத்த தடவை உனக்குத்தான்னு சொல்லிட்டு வந்தேன்."

"அடுத்த தடவை?"

"போனேன். கூரையே இல்ல."

என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அவரே கேட்டார்.

"உன் அண்ணன் இறங்கும்போது பின்னால கையைக் கொடுத்தானா?"

"ஏன்?"

"அதுல ஏறினவங்க தானா இறங்க மாட்டாங்கம்மா. பயத்துல உறைஞ்சு போயிருப்பாங்க. ஓட்டுறவன் கையைப் பிடிச்சு இறக்கணும். கொடுத்தானா?"

ஃபோனை வைத்துவிட்டு அண்ணனிடம் போனேன். கட்டிலில் சுவர்ப் பக்கம் ஒடுங்கிப் படுத்திருந்தான். கேட்டேன்.

இடது கையை எனக்குக் காட்டினான். விரல்கள் எதையோ பிடித்த மாதிரி மடங்கியிருந்தன. விரிக்கப் பார்த்தேன். என் பலம் முழுக்கக் கொடுத்தும் ஒரு விரல்கூட அசையவில்லை.

"இறங்கும்போது அவ கையைக் கேட்டா... கொடுத்தேன்" என்றான். "இன்னும் விடலடி."