ஷரீபுன்னிசா பார்த்துக்கொண்டிருந்த மலை

பங்குனி வெயிலில் ரோட்டுத் தார் இளகிச் செருப்பைப் பிடித்துக்கொண்டிருந்த நாட்களில், எங்கள் தலத்தெருவில் எல்லோரும் பனியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். சொன்னால் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். மீன் கொண்டுவருகிற பவுனம்மாள்கூடக் கூடையை இறக்குவதற்கு முன்னால், "உருகிடுச்சாம்மா?" என்றுதான் கேட்பாள். எல்லாவற்றுக்கும் காரணம் என் எதிர்வீட்டு ஷரீபுன்னிசா அக்கா.

நான் பாரதி. வீட்டு முன்னறையில் மிஷின் போட்டு ஜாக்கெட், சுடிதார் தைக்கிறேன். வாய் கொஞ்சம் நீளம் என்பார்கள், இருக்கட்டும். அக்கா அவள் அடுப்படியில் மிளகாய் தாளித்தால் எனக்கு இங்கே தும்மல் வரும். அவ்வளவு பக்கம். அதனால் அவள் வீட்டில் எனக்குத் தெரியாத விஷயம் எதுவும் கிடையாது.

அக்காவின் வீட்டுக்காரர் ஜவஹர் அலி. அவளுக்கு மாமி மகன். அவருடைய பாட்டனார் சைகோனில் பிரெஞ்சுக்காரர்களிடம் வேலை பார்த்த வழியில் குடும்பத்துக்கே பிரெஞ்சு நேசனாலிட்டி. பாரீஸில் ஒரு ஓட்டல் அடுப்படியில் பல வருஷம் வெந்துவிட்டு, யாரோ சிநேகிதர் கூப்பிட்டார் என்று ஆல்ப்ஸ் மலைப்பக்கம் ஒரு சின்ன ஊருக்குப் போனார். பெரிய பணக்காரர்கள் வந்து இறங்குகிற மலை இல்லை அது. அந்த ஊர்க்காரர்கள் லீவு நாளில் பிள்ளைகுட்டிகளோடு வந்து பனியில் சறுக்கிவிட்டுப் போகிற உள்ளூர் மலை. கம்பியில் தொங்கிப் போகும் நாற்காலியில் ஆட்களை உட்காரவைத்து மேலே அனுப்புவது அண்ணன் வேலை. பனி விழுந்தால் அங்கே. பனி உருகி மலையை மூடினால்தான் காரைக்கால்.

அக்காவையும் ஒரு தடவை கூட்டிக்கொண்டு போனார். ஒரு மாசம் இருந்தாள். மீன் கிடைக்கவில்லை, வெயில் கிடைக்கவில்லை, பேச ஒரு ஆள் கிடைக்கவில்லை என்று மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டாள். ஆனால் வரும்போது ஒரு பழக்கத்தையும் கொண்டுவந்தாள். அந்த மலையில் கேமரா வைத்திருக்கிறார்கள். அது எடுக்கிற படம் சற்றைக்கொரு தரம் போனில் மாறிக்கொண்டே இருக்கும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். யார் பார்க்கிறார்களோ இல்லையோ, தலத்தெருவில் உட்கார்ந்து அக்கா பார்த்தாள்.

பார்த்துப் பார்த்து அவளுக்குப் பனி அத்துப்படி ஆகிவிட்டது. சீசன் கடைசியில் பனி ஒரே நாளில் மூன்று வேஷம் போடுமாம். விடியற்காலையில் பாறை. பத்து மணிக்கு மேலே வெயில் பட்டால் சீனி. அந்த ஒன்றிரண்டு மணி நேரம்தான் சறுக்குவதற்குச் சுகம். மத்தியானத்துக்கு மேல் நோன்புக் கஞ்சி. காலை வைத்தால் புதையும். ராத்திரி வானம் தெளிவாக இருந்தால் மறுபடி உறைந்துவிடும். மேகம் மூடினால் உறையாது, அடுத்த நாள் காலையிலேயே கஞ்சிதான். இதையெல்லாம் எனக்கும் சொல்லிக் கொடுத்தாள். எனக்கு எதற்கு? ஆனாலும் கேட்டுக்கொண்டேன்.

இந்த ஞானத்தில்தான் வினையே வந்தது. அவள் மகள் ஆஃப்ரினுக்குப் பக்கத்து ஊர் நெரவியில் மாப்பிள்ளை அமைந்தது. பெயர் அஸ்ஃபாக்; துபாயில் வேலை, ஒரு மாச லீவு. நிக்காஹ் தேதி பேச வந்தவர்களிடம் அக்கா போனை எடுத்து மலையைக் காட்டினாள். மார்ச் கடைசியில் எப்படியும் மூடிவிடுவார்கள், ஏப்ரல் ரெண்டாவது ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்ளலாம், பிள்ளையின் வாப்பா அதற்குள் வந்துவிடுவார் என்று அடித்துச் சொன்னாள். வானிலை நிலையத்தில் உத்தியோகம் பார்க்கிறவள்கூட அப்படிச் சொல்லமாட்டாள். சம்பந்திகள் பிரியாணி சாப்பிட்டுவிட்டுத் தலையாட்டிப் போனார்கள்.

மார்ச் நடுவில் அங்கே கொட்டோ கொட்டென்று பனி கொட்டியது. பிள்ளைகளின் லீவு முடிகிற வரைக்கும் மலையைத் திறந்தே வைக்கப்போகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். லீவு முடிவது ஏப்ரல் கடைசியில். அஸ்ஃபாக்கின் லீவோ அதற்கு முன்பே முடிகிறது. தேதியைத் தள்ளவும் வழியில்லை.

வாப்பா வர முடியாவிட்டால் அவருடைய அண்ணன், பெரிய வாப்பாவை நிறுத்தி நிக்காஹை முடிக்கலாம், மார்க்கத்தில் இடம் இருக்கிறது என்று ஜமாஅத்தில் சொன்னார்கள். தப்பில்லைதான். எல்லோரும் சரி என்றார்கள். அன்றைக்கு ஆஃப்ரின் என்னிடம் அளவு கொடுக்க வந்தாள். கையைத் தூக்கி நின்றவள் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நான் பொறந்ததிலேர்ந்து எல்லாத்தையும் வாப்பா போன்லதான் பாத்தாங்க. பன்னெண்டாவது ரிசல்ட்டு, காலேஜ் பட்டம், எல்லாம். இது ஒண்ணையாவது நேர்ல பாக்கட்டுமே."

இதை அவள் வாப்பாவிடம் சொல்லவில்லை, உம்மாவிடமும் சொல்லவில்லை. நான் மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வேன்? அன்று சாயந்தரமே அக்காவிடம் சொல்லிவிட்டேன். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து ஐந்து வேளையும் அவளுக்கு ஒரே துஆ. பனி உருகணும். பனியே இல்லாவிட்டால் மலையை எதற்குத் திறந்து வைப்பான்? கணக்கு சரிதானே. தெருவில் ஒவ்வொருவரிடமும் சொல்லிவைத்தாள். நானும் என் பங்குக்கு விளக்கேற்றும்போது ஒரு வார்த்தை போட்டேன். பவுனம்மாள் கிளிஞ்சல்மேட்டு மாரியம்மனிடம் முறையிட்டாள். உண்மையிலேயே உருகவும் ஆரம்பித்தது. மலையின் அடிவாரத்தில், மேலே இருந்து சறுக்கி வருகிறவர்கள் ஊருக்குள் இறங்குகிற ஒரு பாதை உண்டு. அங்கே இரண்டு பக்கமும் காவி காவியாக மண் தெரிந்தது. அக்காவின் முகம் தெளிந்தது.

நிக்காஹ் வாரத்துத் திங்கட்கிழமை. அக்கா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து நான் ஆஃப்ரினின் உடுப்புக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தேன். போனைப் பார்த்த அக்கா, "பாரதி, இங்க வா" என்றாள். அந்தக் குரலே சரியில்லை.

கீழ்ப்பாதையில் சிவப்புக் கோட்டு போட்ட நாலு பேர். ஓரத்து நிழலில் கிடக்கிற பனியை மண்வாரியால் அள்ளி, மண் தெரிகிற இடத்தில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் கழுத்தில் பச்சைக் கட்டம் போட்ட துணி. அது அண்ணனின் பழைய கைலி. குளிருக்குக் கழுத்தில் சுற்றிக்கொள்ள வேண்டுமென்று அவர் கேட்டதால் நான்தான் கிழித்து ஓரம் அடித்துக் கொடுத்தேன். படம் மாறியது. இன்னும் அள்ளிக்கொண்டிருந்தார். அடுத்த படம். அப்போதும் அள்ளிக்கொண்டிருந்தார்.

அக்கா போனை வாய்ப்பக்கம் கொண்டுபோய் ஒரு குரல் பதிவு அனுப்பினாள். "மச்சான், உருகணும் உருகணும்னு நான் இங்க ஏந்துன கைய எறக்காம துஆ கேக்குறேன். நீங்க அங்க அள்ளி அள்ளிக் கொட்டுறீங்களா? ஒங்களுக்கு வர இஷ்டமில்லன்னா சொல்லிடுங்க." அனுப்பிவிட்டுப் போனை அணைத்து அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டாள்.

அடுத்த நாளும் எடுக்கவில்லை. நான் திட்டினேன். வீட்டில் கல்யாணத்தை வைத்துக்கொண்டு இது என்ன அழும்பு, ஒரு வார்த்தை அவரைக் கேட்டால் குறைந்தா போய்விடுவாய் என்றேன். அவளுக்குக் கோபம் வந்தால் காது கேட்காது. ஆறு மாசம் பிரிந்திருக்கிற பெண்பிள்ளைக்கு அந்த அளவு கோபம் கூட இல்லாமல் எப்படி என்று எனக்கே பிறகு தோன்றியது.

புதன்கிழமை காலையில் என் போன் அடித்தது. அண்ணன். என்னிடம் எதற்குப் பேசப்போகிறார், வேறு வழியில்லாமல்தான்.

"தங்கச்சி, அந்தக் கீழ்ப்பாதை இருந்தா ஜனங்க தானா சறுக்கி ஊருக்குள்ள எறங்கிடும். அது அத்துப்போச்சுன்னா எல்லாரையும் நாற்காலியில வச்சுத்தான் எறக்கணும். அதுக்கு மேலயும் கீழயும் ஆள் கூட வேணும், எனக்கு லீவு கெடையாது. வெள்ளிக்கிழமை சாயந்தரம் பாதை முழுசா இருந்தா நீ கெளம்புன்னு மேனேஜர் சொல்லிட்டாரு. அதான் அள்ளிப் போடுறேன்."

எனக்கு வந்ததே ஆத்திரம். இதை முதலிலேயே சொல்லித் தொலைத்தால் என்ன என்று கேட்டுவிட்டேன். வருகிறேன் வருகிறேன் என்று எத்தனையோ தடவை சொல்லி வராமல் இருந்திருக்கிறார், இந்தத் தடவையும் சொல்லி நடக்காமல் போனால் பிள்ளை முகத்தில் எப்படி முழிப்பது என்றார்.

மிஷினை அப்படியே விட்டுவிட்டு ரோட்டைத் தாண்டி ஓடினேன். விஷயத்தைக் கேட்ட அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அட அல்லாவே, நான் இவ்வளவு நாளும் அவங்க வராம இருக்கத்தானா கேட்டுக்கிட்டு இருந்தேன்" என்றாள். பிறகு எழுந்து அரிசிப் பானைக்குள் கையை விட்டாள். போனில் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. அதற்கு மட்டும் நான் வெளியே வந்துவிட்டேன்.

இப்போது தெரு முழுவதற்கும் மாற்றிச் சொல்லவேண்டி வந்தது. உருகக் கூடாது. மேகம் கூடாது. ராத்திரி வானம் தெளிந்து நன்றாக உறைய வேண்டும். பவுனம்மாள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, நேற்று வரைக்கும் ஒன்று, இன்றைக்கு ஒன்று, ஆத்தாளுக்கே குழப்பமாக இருக்காதா என்று சத்தம் போட்டாள். போட்டுவிட்டு, ஐஸ் கரையாமல் இருக்க நாங்கள் உப்புத் தூவுவோமே, அங்கே தூவினார்களா என்று கேட்டாள். அக்கா அதையும் ஒன்று விடாமல் அண்ணனுக்கு அனுப்பினாள். கஞ்சியான பனியும் உப்புப் பட்டால் இறுகுமாம். காலையிலிருந்து உப்பு மூட்டையோடுதான் நிற்கிறேன், அந்த அம்மாவுக்கு சலாம் சொல்லு என்று பதில் வந்தது.

வியாழக்கிழமை அங்கே மேகம். ராத்திரி உறையவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து ஆண்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரம் கேமராவைப் பார்த்தோம். அங்கே அப்போதுதான் காலை. பனி அதற்குள் கஞ்சியாகிக் கிடந்தது. கீழ்ப்பாதை ஒரு நாடா அளவுக்கு இளைத்திருந்தது. பந்தல்காரர் வந்தார், பாத்திரக்காரர் வந்தார், பதில் சொல்ல ஆள் இல்லை. எங்களுக்குச் சாயந்தரம் நாலரைக்கு மேல், அங்கே மத்தியானம், அந்த நாடா நடுவில் அறுந்தது. ஒரு பாய் அகலத்துக்கு மண் தெரிந்தது.

அக்கா போனை ஆஃப்ரின் மடியில் வைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். பெரிய வாப்பாவை வரச்சொல்லி ஆள் அனுப்புங்கள் என்று உள்ளே இருந்தபடியே சொன்னாள். ஆஃப்ரின் அழவில்லை. கையில் மருதாணி வைத்திருந்ததால் போனைத் தொடாமல் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். படம் மாறியது.

"உம்மா, இங்க வாங்களேன்" என்றாள்.

பாதையில் நாலு பேர் இல்லை, நாற்பது பேர் நின்றார்கள். சிவப்புக் கோட்டுக்காரர்கள் மட்டும் இல்லை; சறுக்க வந்த ஜனங்கள், கலர் கலராக. மண்வாரி, வாளி, துணி துவைக்கிற தொட்டி, கையில் கிடைத்ததெல்லாம் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். நடுவில் தொப்பியைக் கழற்றிவிட்டு அள்ளிக்கொண்டிருந்த வழுக்கைத் தலையைக் காட்டி, அதுதான் அந்தப் பாவி மேனேஜர் என்றாள் அக்கா. அங்கே இருந்த மாசத்தில் பார்த்த முகம்; இரண்டு நாளாக அவள் அவரைத் திட்டாத திட்டு இல்லை. பச்சைக் கட்டத் துணி அவருக்குப் பக்கத்தில் இருந்தது. முகம் தெரியாத அந்த ஜனங்களுக்கு ஜவஹர் அலியின் மகள் கல்யாணத்தைப் பற்றி யார் சொன்னார்களோ, எப்போது சொன்னார்களோ. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதை ஒளிப்பானேன்.

இங்கே இருட்டுகிற நேரத்துக்குப் பாதை ஒட்டிவிட்டது. அண்ணனிடமிருந்து ஒரே ஒரு வரி: கிளம்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சென்னையிலிருந்து கார் வந்து நின்றது. இறங்கியவரைப் பார்த்துப் பிள்ளைகள் எல்லாம் சிரித்துவிட்டன. பனியில் பட்டுத் தெறிக்கிற வெயிலில் முகம் கன்றிக் கறுத்துப்போய், கண்ணாடி போட்டிருந்த இடம் மட்டும் வெளுத்திருந்தது. ஆந்தை மாதிரி வந்து நிக்கிறீங்களே, சம்பந்தி வீட்டுக்காரங்க என்ன நெனப்பாங்க என்று அக்கா கடிந்துகொண்டாள். கடிந்துகொண்டே அவர் பையை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

மண்டபத்தில் ஆண்கள் பக்கம் நடப்பதைக் காட்டப் பெண்கள் பக்கம் ஒரு டிவி வைத்திருந்தார்கள். அண்ணன் மாப்பிள்ளையின் கையைப் பிடித்தபோது அஸ்ஃபாக் ஒரு கணம் குனிந்து அந்தக் கையைப் பார்த்தான். மைக்கில் அண்ணனின் குரல், என் மகள் ஆஃப்ரினை என்று தொடங்கியது. விட்டு விட்டுக் கேட்காத, நடுவில் அறுந்துபோகாத குரல். அதுவரை கல்லாக உட்கார்ந்திருந்த ஆஃப்ரின் அப்போதுதான் அழுதாள். நான் போட்டுவிட்ட மை எல்லாம் கரைந்தது.

சாயந்தரம் நெரவிக்கு அனுப்பிவைக்கும்போது அவள் வாப்பாவின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். இரண்டு மூன்று உடைந்திருந்தன.

"ரொம்ப வலிக்குதா வாப்பா?"

"இல்லம்மா. பனிதானே."

அந்தக் கையில் முகத்தை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு காரில் ஏறினாள். இத்தனை வருஷமும் அந்த வாசலில் நின்று கையசைத்து வழியனுப்பியவள் அவள், போனவர் அவர். அன்றைக்குக் கார் முக்குத் திரும்புகிற வரைக்கும் அண்ணன் கையைத் தூக்கியபடியே வாசலில் நின்றார்.