லோடு இன்னும் ஏறலீங்க

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கையும் களவுமாக மாட்டிக்கொண்டேன். செருப்பு இரண்டும் கையில், ஹேண்ட்பேக் அக்குளில்... சத்தம் வராமல் நடந்து, அப்பா இருக்கும் முதியோர் இல்லத்தின் சமையல்கட்டு வழியாகப் பின்வாசலுக்கு வந்துவிட்டேன். இன்னும் பத்தடி வைத்தால் கார். அங்கே செல்வி நின்றிருந்தார்.

"ஏனுங்க்கா, அப்பாகிட்டச் சொல்லாமயே கெளம்பறீங்க?"

என்ன பதில் சொல்வது? ஜெர்மனியில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள் என்றா?

அதைத்தான் சொன்னேன். அந்தக் கதையை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

என் அப்பா சங்ககிரிக்காரர். ஒரே ஒரு லாரி. ஓனரும் அவர்தான், டிரைவரும் அவர்தான். நாற்பது வருஷம் வடக்கே ஓட்டினார். இப்போது மறதி நோய். சில நாள் நான் அவருக்கு மகள், சில நாள் அவருடைய அக்கா, சில நாள் லாரி புக்கிங் ஆபீஸ் ஆள். சேலம் ஃபேர்லேண்ட்ஸில் என் வீட்டில் வைத்துத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். குளிப்பாட்டும்போது நான் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டதும் அதற்கும் வழியில்லாமல் போயிற்று.

தம்பி ஜெர்மனியில் இன்ஜினியர். அவனுக்கு எது கஷ்டம் வந்தாலும் முதலில் எக்ஸெல் ஷீட் திறப்பான். அப்பாவுக்காக எந்தெந்த நாட்டில் முதியோர் இல்லம் எப்படி என்று ஒரு ஷீட் போட்டான். டாய்லெட்டில் கைப்பிடி உண்டா, ராத்திரியில் நர்ஸ் உண்டா... பூச்சாடி வரைக்கும் ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம்.

ஷீட்டோடு விட்டானா? போன வருஷம் அப்பாவைக் கொஞ்ச நாள் ஒரு ஹோம் நர்ஸிடம் விட்டுவிட்டு நான் அங்கே போயிருந்தபோது ஓர் இல்லத்துக்கே கூட்டிப்போனான். சும்மா சொல்லக்கூடாது, அசந்துபோனேன். தோட்டத்துக்குள்ளேயே ஒரு பஸ் ஸ்டாப் வைத்திருக்கிறார்கள். பெஞ்ச் உண்டு, நேர அட்டவணை உண்டு. பஸ் மட்டும் வராது. வீட்டுக்குப் போகணும் என்று பதறுகிறவர்களை அங்கே உட்காரவைத்து, பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்துகொள்கிறார். கொஞ்ச நேரத்தில் பதற்றம் அடங்கியதும் காபிக்கு உள்ளே கூட்டிப்போகிறார்கள். "கிளம்பும்போது சொல்லிக்கொள்ளாதீர்கள், கூடவே வரத் துடிப்பார்கள்" என்று ஒரு நர்ஸம்மா சொன்னதைத் தம்பி மொழிபெயர்த்தான். பத்திரமாக மனசில் முடிந்துகொண்டேன்.

திரும்பும் வழியில் சிங்கப்பூர். அங்கே தோழியின் மாமனார் இருந்த இல்லத்தையும் பார்த்தேன். அவருடைய அறையில் பக்கத்துக் கட்டில் ஒரு சீனத் தாத்தாவுக்கு. ஒருவர் பாஷை ஒருவருக்குத் தெரியாது. ஆனாலும் பிஸ்கட்டைப் பாதி பாதி உடைத்துச் சாப்பிடுகிறார்கள்! நம் அபார்ட்மெண்ட் அசோசியேஷன்காரர்களை அங்கே ஒரு வாரம் டூர் அனுப்பினால் நன்றாக இருக்கும்.

கடைசியில் அப்பாவுக்குக் கிடைத்தது ராசிபுரம் தாண்டி, பைபாஸை ஒட்டி ஓர் இல்லம். சுத்தமான இடம். ஆனால் லாரி ஹாரன் காதில் விழும். விழுந்தால் அப்பா சும்மா இருப்பாரா? தினமும் சாயங்காலம் ஆனால் கேட்டுக்குப் போய் நின்றுகொள்வார். "வண்டி எடுக்கோணும், கதவத் தொற" என்பார். இரண்டு தடவை ரோட்டுக்கே போய்விட்டார். மேனேஜரம்மா என்னைக் கூப்பிட்டுத் தன்மையாகத்தான் சொன்னார்.

"இன்னொருக்கா ரோட்டுக்குப் போயிட்டாருன்னா எங்களால பொறுப்பேத்துக்க முடியாதுங்க. நீங்க கூட்டிட்டுப் போற மாதிரிதானுங்க இருக்கும்."

எங்கே கூட்டிப்போவது? எனக்கோ இடுப்பில் பிளேட். சேலம், நாமக்கல் என்று ஏழெட்டு இடம் ஏறி இறங்கி, அப்பாவைச் சேர்த்துக்கொண்ட ஒரே இடம் இதுதான். அன்று உண்மையாகவே பயந்துபோனேன்.

உடனே ஜெர்மனி ஞாபகம் வந்தது. மேனேஜரம்மாவும் நல்ல மனுஷி, நான் சொன்னதை அப்படியே செய்தார். வேப்பமரத்தடியில் இரண்டு நாற்காலி, மரத்தில் 'பஸ் நிறுத்தம்' என்று ஒரு போர்டு. அப்பாவை நானே கூட்டிப்போனேன். போர்டைப் படித்தார். என்னைப் பார்த்தார்.

"லாரி வெச்சிருக்கறவன் எதுக்கு சாமி பஸ்ஸுக்கு நிக்கோணும்?" என்று கேட்டுவிட்டு, நேரே கேட்டுக்கு நடந்தார்.

ஜெர்மனிக்காரர்கள் மேல் தப்பில்லை. சங்ககிரி லாரிக்காரருக்கு பஸ் ஸ்டாப் கட்டிய என் புத்தியைத்தான் சொல்லவேண்டும்.

அன்றைக்குத்தான் செல்வி எனக்கு அறிமுகம். அங்கே அட்டெண்டர். நாற்பது வயது இருக்கும். கேட்டில் கை வைத்துக் குலுக்கிக்கொண்டிருந்த அப்பாவிடம் போய், வெகு சாதாரணமாகச் சொன்னார்.

"லோடு இன்னும் ஏறலீங்க சாமி."

அப்பா திரும்பினார். "இன்னும் ஏறலையா?"

"இல்லீங்க. ரெண்டு நாளாவும்னு சொல்றாங்க. சாப்டுட்டு நெழல்ல படுங்க, ஆச்சுன்னா நானே எழுப்பறேன்."

"அதச் சொல்றதுக்கென்ன?" என்று அலுத்துக்கொண்டே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார். சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

"எப்படிங்க செல்வி?"

"எங்கூட்டுக்காரரும் லாரிதானுங்க்கா. குஜராத்ல லோடுக்காக நாலு நாளு பேசாமக் கெடப்பாரு. ஊட்ல இருந்தா காபிக்கு நாலு நிமிசம் பொறுக்கமாட்டாரு" என்று சிரித்தார்.

அப்பா இதுவரை மறுபடி ரோட்டுக்குப் போகவில்லை. கேட்டுக்குப் போவார். லோடு ஏறவில்லை என்றதும் திரும்பிவிடுவார். 'பஸ் நிறுத்தம்' போர்டில் இப்போது இல்லத்துத் துண்டுகள் காய்கின்றன. தம்பியிடம் இதைச் சொன்னேன். "அக்கா, இத ஷீட்ல எந்தக் கட்டத்துல போடறது?" என்றான்.

சரி, பின்வாசலுக்கு வருவோம். ஜெர்மனி நர்ஸம்மா சொன்னதை நான் சொல்லி முடித்ததும் செல்வி தலையை ஆட்டினார்.

"சொல்லாமப் போறது சண்டைக்காரங்க போற மாதிரிங்க்கா. எங்கூட்டுக்காரரு போறேன்னு சொன்னாக்கூட நான் வண்டியேற உடமாட்டேன். வாரேன்னு சொல்லோணும். அப்பாவும் எத்தன ட்ரிப்பு அப்படிச் சொல்லீட்டுக் கெளம்பியிருப்பாரு? பேரெல்லாம் மறந்தாலும் அது மறக்காதுங்க."

சொல்லப்போய், நானும் வாரேன் என்று கூடவே கிளம்பிவிட்டால்? கேட்டைத் தாண்டிவிட்டால்? இருக்கிற இந்த ஓர் இடமும் போய்விடுமே. ஆனால் செல்வி சொல்லி இதுவரை எது தப்பாகியிருக்கிறது? செருப்பைப் போட்டுக்கொண்டு திரும்பி நடந்தேன்.

அப்பா வேப்பமரத்தடியில் இருந்தார். அன்றைக்கு நான் யார் என்று அவருக்குத் தெரியவில்லை.

"வாரனுங்கப்பா" என்றேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தார். தோளில் தொங்கிய பையைப் பார்த்தார். எழுந்திருக்கவில்லை.

"உனக்கு லோடு ஆயிருச்சா?"

"ஆயிருச்சுங்கப்பா."

"எனக்கு இன்னும் ரெண்டு நாளாவுமாம். பரவால்ல, நீ முன்னால போ சாமி. தூக்கம் வந்தா அடிச்சுப் புடிச்சு ஓட்டாத. ஓரங்கட்டி நிறுத்தீட்டு, அப்பறம் எடு. போய்ட்டு வா."

கூடவே வந்திருந்த செல்வியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். "போங்கக்கா, இருட்டீரும்" என்று அவரே அனுப்பிவைத்தார்.

அப்பா சொன்னபடியே, ராசிபுரத்துக்கு முன்னால் காரை ஓரங்கட்டி நிறுத்தினேன் — தூக்கத்துக்காக இல்லை.