சாயம் விடாத குச்சிகள்

நீலப் பரப்பில் சிவப்புக் குச்சிகள். ஐம்பதுகளின் கடைசியில், கொடைக்கானலில் நான் காசநோய்க்குக் கிடந்த ஆஸ்பத்திரியில், மைக்ராஸ்கோப் வழியாக நான் முதலில் கண்டது அதுதான். சளி பார்க்கிற லேப் சார் எங்களைக் கூப்பிட்டுக் காட்டுவார். "வா பிள்ள, ஒன் நெஞ்சுல வாடகை குடுக்காமக் குடியிருக்கவனப் பாரு." கிருமிகளில் உருண்டை உண்டு, காற்புள்ளிபோல் வளைந்தது உண்டு, இது குச்சி என்பார். சிவப்புச் சாயம் ஏற்றி அமிலம் ஊற்றினால் மற்றவை வெளுத்துப்போகும். இதன் சுவரில் மெழுகு இருப்பதால் பிடித்த சாயத்தை விடாதாம். "புருசன் விட்டாலும் இவன் விடமாட்டான்" என்று பெண்கள் வார்டைப் பார்த்துச் சொல்வார். நாங்களும் இருமிக்கொண்டே சிரிப்போம்.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. இதையெல்லாம் அவர் வாயைப் பார்த்துத்தான் கற்றேன். மருந்து ஏற ஏற என் குச்சிகள் உடைந்து, புள்ளி புள்ளியாகி, அருகி வந்தன. பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருந்த என் வீட்டுக்காரர் பார்க்க வந்தார். மூக்கில் துண்டோடு வராந்தாவிலேயே நின்றார். "தைப்பூசத்துக்குக் கடையில ஆள் வேணும். மார்கழியில சளி சுத்தம்னு எழுதித் தந்தா வா. இல்லேன்னா ஒன் தங்கச்சியக் கட்டிக்கன்னு அம்மா ஒத்தக்கால்ல நிக்கிது."

மார்கழிச் சோதனைக்குச் சளி கொடுக்கும் காலையில், பக்கத்துக் கட்டில் கூக்கால் அக்கா கை நீட்டினாள். மலைமேல் கூக்கால் கிராமத்தில் கைப்பிள்ளையை விட்டு வந்தவள். "பனி கொட்டுது, நீ எதுக்குத்தா? ரெண்டு டப்பாவையும் நானே குடுத்துட்டு வாரேன்." அவளுக்குச் சுத்தம் என்று வந்தது; எனக்குச் சிவப்பு. போகும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. தை பிறந்ததும் தங்கச்சிக்குக் கல்யாணம் முடிந்தது.

பங்குனியில் எனக்கும் சுத்தம் என்று வந்தபோது, லேப் சார் மேசையைத் துடைத்தபடி சொன்னார். "மார்கழியிலயே நீ சுத்தந்தான். அதுக்கு முந்தியே ஒன்னோடது ஒடஞ்சுபோன சாதி. அன்னைக்கு ஒம்பேர்ல வந்தது முழுசு முழுசா, நீளக் குச்சி. பக்கத்துக் கட்டில்காரியோடது. பேர்ச் சீட்டை மாத்தி ஒட்டிட்டா."

"தெரிஞ்சும் ஏன் சார் சொல்லல?"

"யாரு கேட்டா? டப்பாவுல என்ன பேரோ, அதுக்குத்தான் ரிசல்ட். வேற சோலி இல்லையா எனக்கு?" அன்றும் சிரித்தார்.

கூக்கால் அக்காவை வையத்தான் நினைத்தேன். அந்த நீளக் குச்சிகளோடு அவள் பிள்ளையை அள்ளி முத்தமிட்டிருப்பாள் என்று தோன்றியதும் வைய மனம் வரவில்லை. லேப் சாரை மட்டும் இன்றும் மன்னிக்க முடியவில்லை. அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

இப்போது தங்கச்சி வீட்டுப் பின்கட்டில் இருக்கிறேன். என் தட்டும் தம்ளரும் தனி. பஞ்சாமிர்தக் கடையை அடைத்துவிட்டு அவள் வீட்டுக்காரர் உள்ளே வரும்போது, முறைப்படி எழுந்து நின்று, "வாங்க மாப்பிள்ளை" என்கிறேன்.