கம்பம் நடுமுன் ஒரு வாக்கெடுப்பு

அந்த யோசனை எனக்குத் தோன்றியது பதுளைக் கடைத்தெருவில், ஒரு துணிக்கடைப் பலகையில் உட்கார்ந்து பழைய செய்தித்தாளை வாசித்துக்கொண்டிருந்தபோதுதான். கொழும்பிலிருந்து சரக்கோடு வரும் ஆங்கிலப் பத்திரிகையைக் கடைக்கார நானா எனக்காக எடுத்து வைப்பார். அவருக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்து வாத்தியாரான எனக்குப் பத்திரிகை வாங்க வழியில்லை. ஆகவே நான் வாசித்துத் தமிழில் சொல்வேன், அவர் தேநீர் வாங்கித் தருவார்.

லண்டனில் ஆட்சிக்கு வந்திருக்கிற கட்சிக்குச் சபையில் பாதிப் பேர்கூட இல்லையாம். மற்ற இரண்டு கட்சிகளும் சேர்ந்தால் அன்றைக்கே கவிழ்ந்துவிடும். அவர்கள் சேரமாட்டார்கள் என்பதால்தான் இது நிற்கிறது. இப்படி நாள்தோறும் அடுத்தவர் தயவில் இழுத்துக்கொண்டிருப்பதைவிட, தானே முந்திக்கொண்டு தேர்தல் வைத்தால் என்ன என்று ஒருவர் கேட்டு எழுதியிருந்தார்.

நானா சிரித்தார். "ஆளில்லாதவன் ஏன் தம்பி வலியப் போய்த் தேர்தல் கேக்கோணும்? சரக்கில்லாத நாளையில கடைக் கதவ அகலத் தொறந்து வெச்ச மாதிரியில்லையா ஈக்கிது?"

"ஜெயிச்சா முழு ஆளா நிக்கலாமே நானா."

"தோத்தா?"

தோற்றால் என்று நினைத்ததும் கண் முன்னால் லண்டன் மறைந்து என் மச்சான் வந்து நின்றார்.

மச்சான் என்றால் என் அக்காவின் கணவர். ஹாலிஎலப் பக்கத்தில் எங்கள் தோட்டத்தின் காமன் கூத்துக்கு அவர்தான் தலைவர். மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை பார்த்துக் காமனுக்குக் கம்பம் நடுவோம். பௌர்ணமியில் சிவன் அவனை எரிக்கும்வரை தோட்டமே விழித்திருக்கும். கம்பத்தை நடுகிற கை தலைவருடையது. அக்காவுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்தும் தங்கவில்லை. இப்போது மறுபடி வயிற்றில் இருக்கிறது. இந்தப் பிள்ளை தங்கவேண்டும் என்று, இந்த வருஷம் தன் கையால் கம்பம் நடுவதாக மச்சான் நேர்ந்துகொண்டிருந்தார்.

ஆனால் தலைவருக்கு ஆள் பலம் இல்லை. லயம் என்கிற எங்கள் வரிசைக் குடியிருப்புகளில் மேல் லயத்தார்தான் அதிகம், அவர்கள் தங்கள் கங்காணியைத் தலைவராக்கப் பார்த்தார்கள். கீழ் லயத்தாராகிய நாங்கள் அதற்கடுத்து. நடு லயத்தார் கொஞ்சம் பேர். அவர்களுக்கு எங்களைப் பிடிக்காது, மேல் லயத்தாரை அதைவிடப் பிடிக்காது. அந்த ஒரு கசப்பில் மச்சான் தலைவராக இருந்தார். ரதி வேஷம் யாருக்கு, ஒத்திகை எந்த வாசலில் என்று எதைத் தொட்டாலும் நடு லயத்தார் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார்.

அன்று சாயங்காலமே மச்சானிடம் ஓடினேன். நாமே முந்திக்கொண்டு ஒரு வாக்கெடுப்பு வைக்கலாம் என்று லண்டனையும் சேர்த்துச் சொன்னேன். அவர் மம்பட்டியில் ஒட்டிய மண்ணைச் சுரண்டியபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"மாப்ள, கம்பம் நட்டுட்டா எரிக்கிற வரைக்கும் தலைவன மாத்தக்கூடாது. அது ஒனக்குத் தெரியும்ல? பிறை வர்ற வரைக்கும் வாயை மூடிக்கிட்டு இருந்தா என் நேர்த்தி முடிஞ்சிரும். ஒங்க லண்டன்காரனுக்கு நடறதுக்குக் கம்பம் இல்ல, அதான் குதிக்கிறான்."

"அதுக்குள்ள மேல் லயத்தாரே கூட்டம் போட்டுக் கவுத்துட்டா?"

மண் சுரண்டுவது நின்றது. அடுப்படியிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "பதுங்கிப் பதுங்கி நட்ட கம்பத்த சாமி ஏத்துக்குமாக்கும்? நாலு பேரு மனசார நடச் சொல்லணும்."

அக்காவின் அந்தப் பேச்சுத்தான் மச்சானை அசைத்தது. நானோ என் வாதம் வென்றுவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கூத்து மைதானத்தில் ஆண்கள் எல்லோரும் கூடினார்கள். நடுவில் வழக்கம்போல் தப்புப் பறையோடு தப்புக்காரர் உட்கார்ந்திருந்தார். நான் ஒரு பெட்டியின்மேல் ஏறி நின்று சொன்னேன்: "இப்ப இருக்கிற தலைவரே இருக்கணும்ங்கிறவங்க தப்புக்கு வலது பக்கம் ஒக்காருங்க. வேற ஆளு வேணும்ங்கிறவங்க எடது பக்கம்." இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லியிருக்க முடியாது என்று இன்றும் நம்புகிறேன்.

தப்புக்காரர் அந்நேரம் பார்த்துத் தோலைக் காய்ச்சிவிட்டு, சூடு ஏறிவிட்டதா என்று இரண்டு தட்டுத் தட்டினார். அவ்வளவுதான்.

எங்கள் மைதானத்தில் தப்பு கேட்டால் லாவணிப் பாட்டுப் போட்டி என்று அர்த்தம். காமன் எரிந்தான் என்று பாடுகிற எரிஞ்ச கட்சி வலது பக்கம் உட்காரும். அவன் எரியவேயில்லை என்று பாடுகிற எரியாத கட்சி இடது பக்கம் உட்காரும். அப்பன் உட்கார்ந்த பக்கம்தான் மகனுக்கும். கூட்டம் கலைந்து எழுந்து, அவரவர் வருஷா வருஷம் உட்காருகிற இடத்தில் போய்ச் சௌகரியமாக உட்கார்ந்துவிட்டது.

பார்த்தால் வலது பக்கத்தில் மச்சானுக்குத் தோள் உரச மேல் லயத்துக் கங்காணி உட்கார்ந்திருக்கிறார். மச்சானைக் கவிழ்க்க வந்தவர்! அவர் எரிஞ்ச கட்சியின் முதல் பாட்டுக்காரர். மச்சானைத் தாங்கிக்கொண்டிருந்த நடு லயத்தார் மொத்தமும் எதிர்ப்பக்கம். எங்கள் கீழ் லயத்திலேயே அண்ணன் தம்பிகள் ஒரே பக்கம், மாமன் மச்சான்கள் எதிரும் புதிருமாக.

"எந்திரிங்க, எந்திரிங்க! இது பாட்டு இல்ல, ஓட்டு!" என்று கத்தினேன்.

"ஏன் வாத்தியாரே, நான் இந்தப் பக்கம் ஒக்காந்து பாடாம அந்தப் பக்கம் போயி, காமன் எரியலன்னு பாடச் சொல்றீங்களா?" என்றார் கங்காணி. "எங்கப்பன் கேட்டா என்னா சொல்லுவாரு?"

எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு நடு லயத்துக்காரர், "எரியல, எரியல, ஒங்கப்பனுக்கும் சேத்துச் சொல்றோம்!" என்று எடுத்துக்கொடுத்தார். பிறகு யார் பிடித்து நிறுத்துவது? பாட்டுக்குப் பதில் பாட்டு, கேலிக்குப் பதில் கேலி, பொழுது சாய்ந்துவிட்டது. நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

வரும் வழியில் மச்சான் கேட்டார். "ஏன் மாப்ள, வலது பக்கந்தான் கூட்டம் ஜாஸ்தி. அப்ப நான் ஜெயிச்சேனா, தோத்தேனா?"

நடந்தபடியே மனசுக்குள் கணக்குப் போட்டேன். தலைகளை எண்ணினால் ஜெயம். அதில் பாதி எதிரியின் தலை. எங்களைத் தாங்கியவர்களை எண்ணினால் தோல்வி. ஆனால் அவர்கள் எதிர்ப்பக்கம் உட்கார்ந்தது எங்கள்மேல் உள்ள வெறுப்பாலும் அல்ல.

மறுநாள் காலை வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் கங்காணி என்னைக் கண்டதும், "பாட்டு நல்லாத்தான் இருந்துச்சு வாத்தியாரே. ஆனா பிறைக்கு முந்தி நானே ஒரு கூட்டம் போடுவேன். அதுல தப்பு இருக்காது" என்று சொல்லிவிட்டுப் போனார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். வாக்கெடுப்பு என்ற பேச்சையே இந்தத் தோட்டத்தில் அவிழ்த்துவிட்டவன் நான்தான். சும்மா இருந்திருந்தால் மச்சான் பிறைவரை தப்பித்திருப்பாரோ? அல்லது கங்காணி எப்படியும் கூட்டம் போட்டிருப்பாரோ? இரண்டு பக்கமும் மாறி மாறி வாதாடிப் பார்க்கிறேன். நான் எந்தப் பக்கம் பேசுகிறேனோ அந்தப் பக்கம் ஜெயிக்கிறது.

நேற்றுப் பதுளைக்குப் போய் நானாவிடம் லண்டன் என்ன ஆயிற்று என்று கேட்டேன். புதுப் பத்திரிகையை முழுதும் புரட்டினோம். அவர்களும் இன்னும் தேர்தல் வைக்கவில்லை, கவிழவும் இல்லை. "அங்கேயும் பாட்டுத்தான் ஓடுதாக்கும்" என்றார் நானா.

ஆகவே இன்னொரு முறை, கங்காணி கூப்பிடுவதற்கு முன்னால், நானே கூப்பிடப்போகிறேன். பள்ளிக்கூடத்துக்குள் இரண்டு பானைகள் வைக்கப்படும். ஒன்று மச்சானுக்கு, ஒன்று கங்காணிக்கு. ஒவ்வொருவராகத் தனியே உள்ளே போய் ஒரு தேயிலை விதையைப் போட்டுவிட்டு வரவேண்டும். உட்காருவதற்கே இடமில்லை. தப்பை அன்றைக்கு என் அலமாரிக்குள் வைத்துப் பூட்ட, தப்புக்காரர் முணுமுணுத்துக்கொண்டே சம்மதித்துவிட்டார்.

இதை அக்காவிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். அவள் வயிற்றில் கையை வைத்தபடி எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு, "நேர்த்தி எனக்கு, வெதை மட்டும் ஆம்பளைங்களுக்கா?" என்றாள்.

மச்சான் என்னைப் பார்த்தார். நான் மச்சானைப் பார்த்தேன். கூத்து விஷயத்தில் பெண்களைக் கேட்ட வழக்கம் எந்த லயத்திலும் கிடையாது. மேல் லயத்துப் பெண்கள் தங்கள் கங்காணியைப் பற்றி என்ன நினைக்கிறார்கள், நடு லயத்துப் பெண்கள் யார் பக்கம், ஒன்றுமே எங்களுக்குத் தெரியாது. மச்சான் கம்பத்தைப் பிடிப்பாரா, பார்த்துக்கொண்டு நிற்பாரா என்பது இனி அவர்கள் கையிலும் இருக்கும். மச்சான், "அவ கேட்டுட்டா. இனி இல்லன்னு எப்படிச் சொல்றது?" என்றார்.

நாளைக் காலை பெரட்டு முடிந்ததும் கொழுந்தெடுக்கப் போகிற பாதையில் நிற்பேன். வருகிற ஒவ்வொரு பெண்ணிடமும் ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்துக்கு வரச் சொல்லப்போகிறேன். ஒரு கூடை விதை பொறுக்கி வைத்தாகிவிட்டது. அது போதாது என்று இப்போதுதான் தோன்றுகிறது.