கிளி பார்க்கச் சாப்பிடலாமா?

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. காலையில் எங்கள் சமையலறைத் தராசில் ஒரு கிளிக்குஞ்சு நின்றது. முதல் நாளைவிட நான்கு கிராம் குறைவு!

நான்கு கிராம் ஒரு குறையா என்று கேட்பீர்கள். வெங்காயம் நிறுக்கும்போது நானும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் ஓர் உயிரில் நான்கு கிராம் என்றால்... என் கணவரின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

"எனக்குப் பயமாக் கிடக்கு" என்றார். கணித ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். எண்கள் அவரைப் பயமுறுத்தி நான் பார்த்ததே இல்லை.

கொடிகாமம் சந்தைக்கு மரக்கறி வாங்கப் போனவர் சப்பாத்துப் பெட்டியோடு வந்த கதையை முன்பே எழுதியிருக்கிறேன். பெட்டிக்குள் சாம்பல் நிறத்தில், செம்மஞ்சள் கன்னத்தோடு ஒரு கொக்கட்டீல் கிளிக்குஞ்சு. விற்றவள் சாந்தினி, அங்கே வெளிநாட்டுப் பறவைகள் வளர்ப்பவள். குஞ்சோடு ஒரு டப்பா மாவும் ஊசியில்லாத சிரிஞ்சும் கொடுத்து விட்டிருந்தாள்.

அன்று முதல் இவர்தான் தாய். மாவை வெந்நீரில் கரைப்பார், கட்டியில்லாமல் அடிப்பார், சூடு பார்ப்பார், சிரிஞ்சில் எடுப்பார். குஞ்சு கண்ணை மூடித் தலையை ஆட்டி ஆட்டிக் குடிக்கும். அதோடு சேர்ந்து இவருடைய வாயும் திறந்து மூடும்... ஜன்னலால் மஞ்சள் வெயில் வந்து இருவர் மேலும் விழும். பார்த்துக்கொண்டே இருந்தால் எனக்கும் கண் சொக்கிவிடும். தெருவில் ரொட்டி விற்றுப் போகும் பாண் ஓட்டோவின் பாட்டுக்கூட எங்கோ கனவுக்குள் கேட்பது போலிருக்கும்.

சொந்தப் பிள்ளைகள் இரண்டுக்கும் ஒரு வாய் சோறு ஊட்டி அறியாத மனிதர். கொஞ்சம் பொறாமையும் வந்தது. ஏன் மறைக்க வேண்டும்?

ஆனால் குஞ்சு எத்தனை நாளைக்கு மாவிலேயே இருக்க முடியும்? சிறகு முளைத்துத் திரைச்சீலைவரை பறக்கத் தொடங்கிவிட்டது. இனித் தானாகக் கொத்தித் தின்னப் பழக வேண்டும். பகல் மாவை ஒவ்வொரு நேரமாகக் குறைத்தோம். கூட்டுக்குள் முளைகட்டிய பயறு, அவித்த சோளம், தினைக்கதிர் எல்லாம் வைத்தோம். குஞ்சு சோளத்தின் மேல் ஏறி நின்றது. பயற்றுக்குள் படுத்தது. தினைக்கதிரில் எச்சமிட்டது. தின்னத்தான் இல்லை.

பசியில் கத்தும்... சாப்பாட்டின் மேல் நின்றுகொண்டே கத்தும்! இவருக்குத் தாங்காது. எனக்கும்தான். நிறை குறைந்த அந்தச் செவ்வாய்க்கிழமை, பொறுக்க முடியாமல் சாந்தினிக்கு போன் எடுத்தேன்.

எல்லாம் கேட்டுவிட்டு அவள் ஒரு கேள்வி கேட்டாள்.

"அன்ரி, நீங்கள் சாப்பிடேக்கை குஞ்சு எங்கை நிக்கும்?"

"உள்ளறையிலை. கூட்டைத் துணியாலை மூடி விடுவம்."

"ஏன் மூடுறனீங்கள்?"

"பாத்துக்கொண்டிருக்குமெல்லே... பாவம்."

சின்னதுகள் பார்த்திருக்கப் பெரியவர்கள் சாப்பிடலாமா? எங்கள் வீடுகளில் அப்படி வளர்க்கவில்லையே! பார்த்த கண்ணின் ஏக்கம் தின்றவரின் வயிற்றைப் பிசையும் என்பார்கள். கொடுக்க முடிந்தால் கொடு, முடியாவிட்டால் மறைத்துச் சாப்பிடு. குஞ்சுக்கு எங்கள் உறைப்புக் கறி ஆகாது. அதனால் மறைத்தோம். தினமும், வேளை தவறாமல், எவ்வளவு அன்பாக!

சாந்தினி சிரித்த சிரிப்பு இன்னும் காதில் நிற்கிறது.

"ஐயோ அன்ரி, அது பாக்கத்தானே வேணும்! தாயும் தேப்பனும் கொத்துறதைப் பாத்துத்தான் குஞ்சு கொத்தும். நீங்கள் ஒளிச்சு ஒளிச்சுச் சாப்பிட்டால், உது சாப்பாடு எண்டு அதுக்கு ஆர் சொல்லுறது? மேசைக்குக் கொண்டு வாங்கோ. நீங்களும் அங்கிளுமா முன்னாலை இருந்து சாப்பிடுங்கோ. ஒராள் காணாது, அதுக்குக் கூட்டம் வேணும். பின்னேர மாவை மட்டும் இப்ப நிப்பாட்டாதேங்கோ."

நீங்களும் அங்கிளுமா... இந்த இடத்தில்தான் எனக்குக் கொஞ்சம் இடித்தது.

எங்கள் வீட்டில் பன்னிரண்டரைக்கு இவர் மேசையில் சாப்பிடுவார். நான் நின்று பரிமாறுவேன். பிறகு சமையலறை ஸ்டூலில் இருந்து, கறிச் சட்டிக்குள்ளேயே சோற்றைப் போட்டுப் பிரட்டிச் சாப்பிடுவேன். யாரும் சட்டம் போடவில்லை. நாற்பது வருடப் பழக்கம். சட்டிச் சோற்றின் ருசி தெரிந்தவர்கள் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட மாட்டார்கள்.

முதல் நாள் மேசையில் இருவரும் எதிரும் புதிருமாக இருந்தோம். நடுவில் கிளி. புதுமாப்பிள்ளையும் பொம்பிளையும் போல ஒரு கூச்சம். இவர் உப்பில்லாத சோளத்தை எடுத்து, மேசையில் விரலால் டொக் டொக்கென்று கொத்தி, "ம்ம்... என்ன ருசி!" என்றார். குஞ்சு கொண்டையைத் தூக்கிக்கொண்டு அவரைப் பார்த்தது. நானும்தான்.

இரண்டாம் நாள் குஞ்சு சோளமணி ஒன்றை எடுத்துக் கீழே போட்டது. பேச்சில்லாமல் எவ்வளவு நேரம் மெல்லுவது? இவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "முருங்கைக்காய்க்கு என்ன போட்டனீர்?" என்றார். இத்தனை வருடமாகச் சாப்பிடுகிற கறி... கேட்டது அன்றுதான். சொன்னேன். அதிலிருந்து பேச்சு எங்கெங்கோ போனது. சோறு ஆறிப்போனது தெரியவில்லை.

மூன்றாம் நாள் குஞ்சு தத்தித் தத்தி அவருடைய தட்டருகே வந்தது. பக்கத்தில் வைத்திருந்த சோளத்தைக் கவ்வியது. நொறுக்கியது. விழுங்கியது!

நான் வாயைத் திறந்தேன்.

"கதையாதையும்" என்றார் இரகசியக் குரலில். இன்னொன்று எடுத்தது. பிறகு இன்னொன்று. இருவரும் மெல்லுவதை மறந்து, கையில் சோற்றோடு அப்படியே இருந்தோம்.

அடுத்த வாரமே நிறை பழையபடி ஏறிவிட்டது. சில நாள் கழித்து ஒரு பின்னேரம் சிரிஞ்சைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. மறுபடி நீட்டினார். அலகால் தள்ளிவிட்டது. "வேண்டாமாம்" என்றார், சிரிக்கப் பார்த்தபடி. சிரிஞ்சைக் கழுவித் துடைத்து அலுமாரிக்குள் வைத்துவிட்டு வெகுநேரம் முற்றத்தில் நின்றார். எனக்கு அழுகை வந்தது. கிளிக்காக இல்லை.

நேற்று மதியம் வழக்கம்போல அவருக்குப் பரிமாறினேன். கிளிதான் இப்போது தானாகத் தின்கிறதே, கூட்டம் எதற்கு? சமையலறைப் பக்கம் திரும்பினேன்.

"எங்கை போறீர்? நீரும் இரும்."

"ஏன்? குஞ்சுதான் பழகியிட்டுதே."

சோற்றைப் பிசைந்தபடி, நிமிராமலே சொன்னார். "இல்லை... அது பாத்துக்கொண்டெல்லே நிக்குது."

திரும்பிப் பார்த்தேன். கிளி மேசையருகே கதிரையின் முதுகில் ஒற்றைக் காலில் நின்றபடி, தலையைச் சிறகுக்குள் செருகி, ஆழ்ந்த நித்திரையில் இருந்தது.

எழுப்பியா கேட்க முடியும்? என் தட்டையும் எடுத்துக்கொண்டு வந்து இருந்தேன்.