போய்ப் பார்க்காத சாவு

எங்கள் வாசிகசாலையில் நானும் அறிவிப்பாளர் அண்ணையும் எதிரெதிர்க் கதிரைகளில் இருந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தோம். பகல் பதினொரு மணி இருக்கும். வேலணை றோட்டால் ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோ ஒன்று வந்தது. சாட்டிக் கிராமத்தில் ஒரு முதியவர் இறைவனடி சேர்ந்தார் என்றது. அது அண்ணையின் குரல். ஆனால் அண்ணை வாயே திறக்கவில்லை. பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "ஒருக்கால் பாத்திட்டு வாறன்" என்று சைக்கிளை எடுத்தார்.

முன்பு தீவுப் பகுதியில் யார் செத்தாலும் ஒலிபெருக்கியில் அறிவித்தவர் அவர்தான். அவருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. செத்த வீட்டுக்குப் போய், பிரேதத்தின் நெற்றியில் கை வைத்துப் பார்த்த பிறகுதான் மைக்கைத் தொடுவார். யுத்தத்தால் இடம்பெயர்ந்த காலத்தில், கடலுக்குப் போன ஒருவன் இறந்துவிட்டான் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அறிவித்துவிட்டார். மூன்றாம் நாள் அவன் நடந்து வந்தான். ஆனால் அறிவித்தலைக் கேட்டு விழுந்த தாய் எழும்பவேயில்லை. அதற்குப் பிறகு அவர் யாருடைய வாயையும் நம்பியதில்லை.

நாங்கள் ஊர் திரும்பியபோது வாசிகசாலைக்குக் கூரை இல்லை. புத்தகங்களைக் கறையான் தின்றிருந்தது. மிஞ்சியது, அண்ணை போன இடமெல்லாம் தூக்கித் திரிந்த ஒரு தகரப் பெட்டி. அதற்குள் அவருடைய கசெற்றுகள் இருந்தன. திருவிழா, நாடகம், மரண அறிவித்தல் எல்லாம் அவர் குரலோடு அவற்றில் பதிந்திருந்தன. பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு விரிவுரையாளர் மிஸ் மாணவர்களோடு வந்து அவற்றைத் துப்புரவாக்கி இணையத்தில் ஏற்றினார். யாரும் கேட்கலாம், யாரும் எடுத்துப் புதிதாக எதையும் செய்யலாம் என்றார்கள். நன்மை நடந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். வெளிநாட்டில் இருக்கிற எங்கள் ஆட்கள் பழைய நாடகத்தில் நடித்தவர்களின் பெயர்களை எழுதி அனுப்பினார்கள். புத்தகங்கள் வந்தன. கூரையும் அப்படித்தான் வந்தது.

பிறகு யாரோ அதே கசெற்றுகளை வைத்து, எழுத்தில் கொடுத்தால் அண்ணையின் குரலில் வாசிக்கும் செயலி ஒன்றைச் செய்து பொதுவில் விட்டான். அது களவு இல்லை. பல்கலைக்கழகத்துக்கு நாங்கள் கையெழுத்து வைத்துக் கொடுத்த தாளில் அதற்கும் இடம் இருந்தது. வாசிகசாலைச் செயலாளர் என்று அந்தத் தாளை அவருக்கு வாசித்துக் காட்டியவன் நான். "இதாலை ஒருத்தருக்கும் பிழை வராதே?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். வராது என்றேன். எனக்கு என்ன தெரியும்? தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும்.

அதை இறக்கிச் சாவு அறிவிக்கத் தொடங்கிய ஓட்டோக்காரன் ஒருநாள் வாசிகசாலைக்கு வந்து, "அண்ணை, உங்களை வீட்டிலை இருத்திப்போட்டன்" என்று சிரித்தான்.

"சொல்லுற வேலைதான் போனது. பாக்கிற வேலை கிடக்கு" என்றார் அண்ணை.

தன் குரல் சொன்ன ஒவ்வொரு சாவு வீட்டுக்கும் சைக்கிளில் போய் நெற்றியைத் தொட்டுவிட்டு வந்தார். தான் பார்க்காததைத் தன் குரல் சொல்வதை அவரால் தாங்க முடியவில்லை.

பிறகு நெஞ்சில் சளி கட்டியதால் அவரை யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இனி ஏலாது என்று யாரோ கனடாவில் இருக்கும் மகனுக்குச் சொல்லியிருக்கிறார்கள். மகன் அதைச் சாவு என்று எடுத்து ஓட்டோக்காரனுக்குச் சொன்னான். அவன் போய்ப் பார்க்கவில்லை. பெயரை எழுதினான், ஓட்டோவை எடுத்தான். அண்ணைக்கோ சுகம் கண்டு, நாங்கள் அவரை வான் பிடித்துக் கூட்டிவந்துகொண்டிருந்தோம். பண்ணைப் பாலம் தாண்டி வேலணைக்குள் ஏறும்போது எதிரே ஓட்டோ வந்தது. நோய் தொடாத, இருபது வருடத்துக்கு முந்திய குரல். முழுப் பெயரும் சொல்லி, "இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்" என்று முடித்தது. அண்ணை மெதுவாகக் கையைத் தூக்கித் தன் நெற்றியில் வைத்துப் பார்த்தார்.

வீட்டு வாசலில் சாவுக்கு வெள்ளைத் துணி கட்டியிருந்தார்கள். நடந்து வந்தவருக்கு வழி விட்டு எல்லோரும் ஒதுங்கினார்கள். அதற்குப் பிறகும் யாரும் அவர் பக்கம் நெருங்கவில்லை. கடைக்காரர் அவர் முகத்தைப் பாராமல் சீனி நிறுத்தார். நோயோடு அவருடைய குரலும் போய்விட்டது. "அதை நிப்பாட்டச் சொல்லும்" என்று என்னிடம் காற்றாகச் சொன்னார். மிஸ்ஸுக்குப் போன் எடுத்தேன். "எங்கடை பக்கத்திலை அழிச்சிட்டம். ஆனா எத்தினையோ பேர் இறக்கி வைச்சிருக்கினம். இனி ஏலாது" என்று அழுதார். நான் கத்தினேன். இன்றும் என் கோபம் ஆறவில்லை. அழிந்துபோன வாசிகசாலைகளைப் பல்கலைக்கழகங்கள் தூக்கி நிறுத்தட்டும், கதவுகளைத் திறக்கட்டும். ஆனால் எந்த அறையைப் பூட்டி வைக்க வேண்டும் என்று முதலில் கேட்கட்டும். கேட்டிருந்தால் அண்ணை சொல்லியிருப்பார். அந்தக் குரல் இப்போதும் தெருவில் போகிறது. முன்பு அதைக் கேட்டால் படலைக்கு ஓடி வந்தவர்கள், இப்போது தலை நிமிர்த்துவதில்லை.

மூன்று கிழமை கழித்து ஒரு காலையில் அண்ணை செத்தார். ஓட்டோவைக் கூப்பிட நான் விடவில்லை. அவருடைய நெற்றியில் கை வைத்தேன். பிறகு வீடு வீடாக நடந்தேன். முதல் வீட்டு அக்கா குசினியில் உலை வைத்திருந்தார். எங்கள் பக்கத்தில் அயலில் ஒரு சாவு என்றால், பிரேதம் எடுக்கும்வரை அடுப்பு எரியாது. நான் சொன்னதைக் கேட்டும் அவர் எழும்பவில்லை.

"அண்டைக்கும் உப்பிடித்தானே சொன்னது. அதுவும் அவரின்ரை வாயாலை."

"இண்டைக்கு நான் சொல்லுறன், அக்கா."

"நீர் பாத்தனீரோ?"

"ஓம். தொட்டுப் பாத்திட்டுத்தான் வாறன்."

என் கையையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஒரு செம்புத் தண்ணீரை எடுத்து அடுப்பில் ஊற்றினார்.